அழித்தலும் கட்டுதலும்: பேச்சிப்பாறைச் சூழலில் வீட்டு மெஷ் வைஃபை வலையமைப்பு

வீட்டு இணையம் தடைபடும்போது பலரும் முதலில் நாடும் வழி, ரவுட்டரின் பின்புறத்திலுள்ள சிறு துளைக்குள் ஊசியைச் செருகி ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடிப்பதாகும். வீடு முழுவதற்கும் ஒரே ரவுட்டர் இருந்த காலத்தில் இதனால் நேரும் இழப்பு சிறிதாக இருந்தது. வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மீண்டும் இட்டால் பெரும்பாலும் இணைப்பு திரும்பிவிடும். இரண்டு, மூன்று கருவிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே வலையாக இயங்கும் மெஷ் அமைப்பு வீடுகளுக்குள் வந்த பின்னரோ, ஒரு கருவியின் நினைவை அழிப்பது மற்றக் கருவிகளோடு அது கொண்டிருந்த பிணைப்பையும் சேர்த்து அழிப்பதாகிவிட்டது. ஆகவே எப்போது ரீசெட் தேவை, அது எதை அழிக்கிறது, எதை அழிக்காமல் விடுகிறது, அழித்தபின் எந்த வரிசையில் கட்ட வேண்டும் என்னும் கேள்விகள் தனித்தனியே ஆராயத் தக்கவை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவார ஊரான பேச்சிப்பாறையின் சூழலை முன்வைத்து இக்கட்டுரை அவற்றை ஆராய்கிறது. ரீசெட் தீர்ப்பது கருவியின் நினைவில் நேர்ந்த பிழையை மட்டுமே என்பதும், மின்சாரத்தாலும் அலை செல்லும் பாதையாலும் வரும் தடைகளுக்கு அது மருந்தாகாது என்பதும் இவ்வாய்வின் அடிப்படைக் கருத்தாகும்.

மெஷ் அமைப்பு வீட்டுக்குள் வந்த வழி

மெஷ் என்பது, ஒவ்வொரு கருவியும் தனக்கு வரும் செய்தியைப் பெறுவதோடு பிறருக்குரிய செய்தியையும் கைமாற்றிவிடும் வலையமைப்பு முறை. இம்முறை வீட்டுக்காக உருவானதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் கேம்பிரிட்ஜ் நகர வீடுகளின் கூரைகளில் அமைத்த ‘ரூஃப்நெட்’ வலை, 2005-இல் வெளியான ஆய்வின்படி, சுமார் நான்கு சதுர கிலோமீட்டர் பரப்பில் 37 கருவிகளைக் கொண்டிருந்தது. பெர்லின் நகரின் ‘ஃப்ரைஃபுங்க்’ இயக்கத்தினர் அண்டை அயலார் சேர்ந்து நடத்தும் வலைகளை வளர்த்ததோடு, செய்தி எவ்வழியே செல்ல வேண்டும் எனக் கருவிகள் தாமே முடிவுசெய்யும் நெறிமுறைகளையும் உருவாக்கினர். மின் மற்றும் மின்னணுப் பொறியாளர் கழகமான ஐ.இ.இ.இ., 802.11எஸ் என்னும் மெஷ் தரத்தை 2011-இல் ஏற்றது.

வீட்டுச் சந்தைக்கு மெஷ் பரவலாக வரத் தொடங்கியது 2016-இல்தான். அவ்வாண்டு பிப்ரவரியில் ‘ஈரோ’ நிறுவனத்தின் கருவிகளும், ஆண்டின் இறுதியில் ‘கூகுள் வைஃபை’யும் விற்பனைக்கு வந்தன, டிபி-லிங்க் நிறுவனத்தின் ‘டெக்கோ’ போன்றவை அடுத்து வந்தன. வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒரே வலையில் சேர்ந்து இயங்கும் பொருட்டு வைஃபை கூட்டமைப்பு 2018-இல் ‘ஈஸிமெஷ்’ என்னும் சான்றளிப்பைத் தொடங்கியது. இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கூரைமேல் அமைந்த சமூக வலைகளில் எல்லாக் கருவிகளும் ஏறக்குறைய நிகரானவை. ஒன்று விழுந்தால் செய்தி வேறு வழியில் செல்லும். வீட்டு மெஷ்ஷில் ஒரு கருவியே முதன்மையானது. இணைய வழங்குநரின் கம்பி அதில்தான் வந்து சேர்கிறது, ஏனையவை அதைச் சார்ந்த துணைக் கருவிகள். ஈஸிமெஷ் முறையிலும் வலைக்கு ஒரே கட்டுப்படுத்தி உண்டு. பிற கருவிகள் அதற்குக் கீழ்ப்பட்ட முகவர்கள். ஆகவே ஒரு துணைக் கருவியை ரீசெட் செய்தால் ஓர் அறையின் இணைப்பே அறும். முதன்மைக் கருவியை ரீசெட் செய்தால் வலை முழுவதும் கலையும். இரண்டையும் ஒன்றாகக் கருதிச் செயல்படுவதே வீடுகளில் நேரும் குழப்பங்கள் பலவற்றின் தொடக்கம்.

தேனி அனுபவம்

கம்பியில்லா வலைகளைச் சிற்றூர்களில் நீண்டகாலம் உயிரோடு வைத்திருப்பது எவ்வாறு என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு முன்னோடிச் சான்று உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005 ஜனவரியில் வழிவகுத்தது. இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் திபெத்தியர் குடியிருப்புகளை இணைத்த ‘ஏர்ஜல்தி’ மெஷ் வலை அவ்வாண்டே தோன்றியது. ஏறக்குறைய அதே காலத்தில், அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்கும் நெடுந்தொலைவு வைஃபை வலையைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எரிக் ப்ரூவர் தலைமையிலான குழுவினர் அமைத்தனர். மையத்துக்கு வந்த நோயாளியோடு தேனியிலிருந்த மருத்துவர் காணொளி வழியே பேசி, மருத்துவமனைக்கு வர வேண்டுமா எனக் கூற முடிந்தது.

செய்தி பெற்றதற்கான ஒப்புகையை வைஃபை கருவி மிகக் குறுகிய நேரமே எதிர்பார்க்கும் என்பதால், தொலைவு கூடும்போது அது செய்தி தொலைந்ததாகக் கொண்டு மீண்டும் மீண்டும் அனுப்பி வேகத்தை இழக்கும். இக்குறையை நீக்க அக்குழுவினர் வகுத்த ‘வைல்ட்நெட்’ முறை 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஆனால் வீட்டு வலை பற்றிய இவ்வாய்வுக்கு அதனினும் பயன்படுவது, 2008-இல் சோனேஷ் சுரானாவும் பிறரும் தேனி, தரம்சாலா அனுபவங்களைத் தொகுத்து எழுதிய கட்டுரையாகும். வலைகள் நின்றுபோனதற்குக் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைவிட மின்சாரத்தின் தரக்குறைவே பெரிய காரணம் என்று அது காட்டியது. மின்வழியில் 1000 வோல்ட் வரை எழுந்த திடீர்ப் பாய்ச்சல்கள் கருவிகளை எரித்தன. அழுத்தம் மிகத் தாழ்ந்தபோதோ கருவி அணையாமலும் இயங்காமலும் உறைந்துபோய், யாரேனும் சென்று மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுக்கும்வரை அந்நிலையிலேயே கிடந்தது. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் கருவியை முற்றாக அணைத்துவிடும் சிறு மின்சுற்றைச் சேர்த்து அவர்கள் இதற்குத் தீர்வு கண்டனர். உறைந்துபோன ரவுட்டருக்குத் தேவைப்படுவது மின்சாரத்தை நிறுத்திக் கொடுப்பது மட்டுமே. அதன் நினைவை அழிப்பது நோய்க்குத் தொடர்பில்லாத சிகிச்சை.

பேச்சிப்பாறையின் சூழல்

பேச்சிப்பாறை, திருவிதாங்கூர் அரசு கோதையாற்றின் குறுக்கே 1897 முதல் 1906 வரை ஹம்ஃப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின் என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் கட்டிய அணையால் பெயர்பெற்ற ஊர். அணையைச் சூழ மேற்குத்தொடர்ச்சி மலையும் காடும் ரப்பர் தோட்டங்களும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், மலைப்பகுதிகளில் காணி மக்களின் குடியிருப்புகளும் அமைந்துள்ளன. வீட்டு வலையமைப்பை ஆராய்வோர் இச்சூழலின் நான்கு இயல்புகளைக் கருத வேண்டும்.

முதலாவது, வீடுகள் நெருக்கமின்றி விளைகள் எனப்படும் தோட்டங்களுக்கு நடுவே தனித்தனியே நிற்பது. சென்னை போன்ற நகரின் அடுக்குமாடிகளில் அண்டை வீடுகளின் வைஃபை அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை நிறைத்துவிடுவதால், அங்கே 5 கிகாஹெர்ட்ஸையே நாடும்படி அறிவுறுத்துவது பொருந்தும். தோட்டத்து நடுவே தனித்து நிற்கும் வீட்டில் அந்நெரிசல் இல்லை. எனவே தொலைவு செல்லும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இங்கே இன்னும் பயன்மிக்கது. இரண்டாவது, சுவர்கள். தடித்த வெட்டுக்கல் சுவர் கொண்ட பழைய வீட்டோடு இரும்புக்கம்பி செறிந்த கான்கிரீட் மாடியைச் சேர்த்துக் கட்டும் வழக்கத்தில், வீட்டின் இரு பகுதிகள் அலைக்கு இரு வேறு உலகங்களாகிவிடுகின்றன.

மூன்றாவது, மழையும் இடிமின்னலும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. காற்றில் மரக்கிளை முறிந்து மின்கம்பியின் மேலும் கம்பங்களின் வழியே வரும் இணையக் கம்பியின் மேலும் விழுவது இயல்பு; 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் இம்மாவட்டத்தில் ரப்பர் மரங்களையும் மின்கம்பங்களையும் பெருமளவில் சாய்த்ததை எவரும் மறந்திருக்க இயலாது. நான்காவது, மலை மறைப்பதால் பல இடங்களில் செல்பேசிச் சமிக்ஞை மெலிந்திருப்பது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் வைஃபை வழியே அழைப்பு பேசும் வசதியைத் தந்தபின், இத்தகைய வீடுகளில் வைஃபை என்பது இணையம் மட்டுமன்றித் தொலைபேசியும் ஆகிவிட்டது. அதனால் வலையைக் கலைப்பது வெளியுலகத் தொடர்பையே சிறிது நேரம் கலைப்பதாக முடியும்.

தடையின் மூவகை

இணையம் வரவில்லை என்ற ஒரே முறையீட்டுக்குள் மூன்று வகைத் தடைகள் அடங்கியுள்ளன. மின்சாரத்தால் வருவது, பாதையால் வருவது, நினைவால் வருவது என அவற்றைப் பகுக்கலாம்.

மின்சாரத்தால் வரும் தடையை மேலே தேனி அனுபவம் விளக்கிற்று. ரவுட்டரின் அடாப்டர் பழுதுற்று உரிய 12 வோல்ட்டைத் தர இயலாமற்போவதும் இவ்வகையே. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கருவி அடிக்கடி தானே அணைந்து எழும். இதற்கு மருந்து வேறு அடாப்டரும், ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறு யூபிஎஸ்ஸுமேயாகும்.

பாதையால் வரும் தடை இரு கூறாக அமையும். ஒன்று, வீட்டுக்கு வெளியே உள்ள பாதை. கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்பு, வீட்டுச் சுவரில் ஓ.என்.டி. என்னும் பெட்டியில் முடிகிறது. ஒளியை மின்குறியாக மாற்றுவது அதன் வேலை. பரவலாக வழங்கும் ஜிபான் முறையில் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் செய்தி இறங்கி, 1310 நானோமீட்டரில் ஏறுகிறது. இழை முறிந்தாலோ கூர்மையாக மடிந்தாலோ ஒளி குன்றி, பெட்டியில் ‘லாஸ்’ என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரியும். சிவப்பு விளக்கு எரியும்போது எத்தனை முறை ரீசெட் செய்தாலும் ஒளி வாராது; அதோடு, பழுது நீங்கியபின் தானே மீண்டிருக்கக் கூடிய இணைப்பும் அமைப்பு அழிந்தமையால் மீளாமற்போகும். மற்றொன்று, வீட்டுக்குள்ளிருக்கும் பாதை. முதன்மைக் கருவிக்கும் துணைக் கருவிக்கும் இடையே செல்லும் இணைப்பைத் துறையினர் பேக்ஹால் என்பர். அது மெலிந்தால், துணைக் கருவியின் அருகே செல்பேசியில் வைஃபை கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் இணையம் ஊர்ந்துசெல்லும்.

நினைவால் வரும் தடையே ரீசெட்டுக்கு உரியது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபின் பழைய அமைப்புக் கோப்பு புதியதோடு ஒவ்வாமை, மறந்துபோன நிர்வாகக் கடவுச்சொல், வேறொருவர் பயன்படுத்திய கருவி கைமாறி வந்தமை, அந்நியர் அமைப்பை மாற்றியிருக்கக் கூடுமென்ற ஐயம், துணைக் கருவி முதன்மைக் கருவியோடு சேர மறுத்தல் ஆகியன இவ்வகையின. தடை எவ்வகையது என்பதை அறியும் முறை எளியது: முதலில் ஓ.என்.டி.யின் விளக்குகளைப் பார்த்தல். அடுத்து எல்லாக் கருவிகளையும் அணைத்து, ஓ.என்.டி., முதன்மைக் கருவி, துணைக் கருவிகள் என்ற முறையில் ஒவ்வொன்றும் நிலைபெற இடைவெளி விட்டு எழுப்புதல். பின்னர் ஒரு மடிக்கணினியை முதன்மைக் கருவியோடு கம்பியால் இணைத்துச் சோதித்தல். கம்பியில் இணையம் வந்து காற்றில் வாராவிட்டால் பழுது வீட்டுக்குள். கம்பியிலும் வாராவிட்டால் முதன்மைக் கருவியிலோ அதற்கு அப்பாலோ.

ரீசெட் அழிப்பதும் விடுவதும்

அணைத்து எழுப்புதலும் ரீசெட்டும் வெவ்வேறானவை. ரவுட்டரில் இரு நினைவகங்கள் உள்ளன. இயங்கும்போது மட்டும் செய்தியைத் தாங்குவது ஒன்று. அணைத்தால் அது வெறுமையாகும். மின்சாரம் இல்லாதபோதும் செய்தியைக் காப்பது ஃபிளாஷ் எனப்படும் மற்றொன்று. அணைத்து எழுப்புவது முன்னதைத் துடைக்கிறது. ரீசெட் பின்னதன் ஒரு பகுதியை, அதாவது வீட்டார் இட்ட அமைப்புகள் எழுதப்பட்ட பகுதியை மட்டும் துடைக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் இப்பகுதி சிதையக் கூடும் என்பதால், மின்தடை மிகுந்த இடங்களில் நினைவுப் பிழையும் சிலவேளை மின்சாரத்தின் பிள்ளையே.

ரீசெட் தொடாதவை மூன்று. முதலாவது, கருவியின் மென்பொருள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திறந்தமூல ரவுட்டர் மென்பொருளில் இது தெளிவாகத் தெரியும்: மாற்ற இயலாத அடித்தளமாக மென்பொருளும், அதன்மேல் எழுதத்தக்க அடுக்காக அமைப்புகளும் இருக்க, ரீசெட் மேலடுக்கை மட்டுமே நீக்குகிறது. ஆதலால் புதிய மென்பொருளால் வந்த கோளாறு ரீசெட்டால் நீங்கிப் பழைய மென்பொருள் திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. இரண்டாவது, ஆலையில் எழுதப்பட்ட வன்பொருள் முகவரியும் ரேடியோ அளவீடுகளும். மூன்றாவது, நிறுவனத்தின் சேவையகத்தில் பதிவாகியிருக்கும் உரிமை. செயலி வழியே அமைக்கப்படும் மெஷ் கருவிகள் பல, உரிமையாளரின் கணக்கோடு பிணைக்கப்பட்டவை. கருவியின் பொத்தானை அழுத்துவதால் அப்பிணைப்பு எல்லா நிறுவனங்களிலும் நீங்குவதில்லை. செயலியிலிருந்து கருவியை முறைப்படி நீக்கிவிட்டு ரீசெட் செய்வதே இதனால் உகந்தது. பழைய கருவியை விலைக்கு வாங்குவோர், விற்றவர் அதைத் தம் கணக்கிலிருந்து நீக்கியதை உறுதிசெய்துகொள்வது அதனினும் இன்றியமையாதது.

அழிக்குமுன் எழுத வேண்டியவை

ரீசெட்டுக்குப் பின் நேரும் இன்னல்களுள் கடியது ஓ.என்.டி.யை அழிப்பதால் வருவது. இணைய வழங்குநர் பலர் பிபிபிஓஇ என்னும் முறையில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தே வாடிக்கையாளரை அடையாளம் காண்கின்றனர். உடன் வி-லேன் எனப்படும் வழி எண்ணையும் பெட்டியில் இட்டிருப்பர். சில வழங்குநர் இவற்றைத் தொலைவிலிருந்தே மீண்டும் ஏற்றிவிடுவர். அவ்வசதி இல்லாத இடத்தில் கேபிள்காரர் நேரில் வரும்வரை காத்திருக்க நேரும். மெஷ்ஷில் பழுது என்றால் மெஷ் கருவிகளை மட்டுமே அழிக்க வேண்டும். வழங்குநரின் பெட்டியில் கைவைக்கலாகாது என்பது இதனால் பெறப்படும் விதி.

அழிக்குமுன் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டியவை: பிபிபிஓஇ பெயரும் கடவுச்சொல்லும், வி-லேன் எண், வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் எழுத்துப் பிசகாமல், செயலிக் கணக்கின் விவரம், நிலையான முகவரி தரப்பட்ட அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றின் பட்டியல், எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது என்பதைக் காட்டும் படம். அமைப்பைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆயினும் சிதைந்த அமைப்பையே சேமித்து மீண்டும் ஏற்றினால் பழைய பிழை புதிய வலைக்குள் குடியேறும்.

செல்பேசிச் சமிக்ஞை மெலிந்த இடத்துக்கு இன்னுமோர் எச்சரிக்கை தேவை. செயலியைத் தரவிறக்கவும், கணக்கில் நுழையவும், ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பெறவும் வேறோர் இணைய வழி வேண்டும். வலையைக் கலைத்தபின் அவ்வழி இல்லாத வீட்டில், வலையைக் கட்டுவதற்கே வலை தேவைப்படும் முட்டுக்கட்டை நேரும். ஆதலால் செயலியை முன்னரே நிறுவி, கணக்கில் நுழைந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். கருவி வாங்கும்போதே, இணையம் இன்றி உலாவி வழியாக அமைக்கும் வசதி அதற்கு உண்டா என்று கேட்பது மலையோர வாசிகளுக்கு வேகத்தைவிட முதன்மையான வினா.

கட்டும் வரிசை

வலையைக் கம்பியிலிருந்து தொடங்கி வெளிநோக்கிக் கட்ட வேண்டும். முதற்படி, வழி வகுக்கும் தலைமை எந்தக் கருவிக்கு என்று முடிவுசெய்தல். வழங்குநரின் பெட்டியும் பெரும்பாலும் ஒரு ரவுட்டரே. அதன்பின் மெஷ்ஷின் முதன்மைக் கருவியும் ரவுட்டராக இயங்கினால் முகவரி மாற்றம் இருமுறை நடக்கும். இந்த இரட்டை மாற்றத்தால் சாதாரண உலாவல் தடைபடாது. ஆனால் இணையவழி விளையாட்டு, வெளியிலிருந்து கேமராவைப் பார்த்தல், சில அலுவலக இணைப்புகள் ஆகியவை சிக்கலுறும். தீர்வு இரண்டு: வழங்குநரின் பெட்டியை வெறும் பாலமாக மாற்றி, பிபிபிஓஇ விவரத்தை மெஷ்ஷில் இடுவது; அல்லது பெட்டியையே ரவுட்டராக விட்டு, மெஷ்ஷை அணுகுபுள்ளி நிலையில் இயக்குவது. தரைவழித் தொலைபேசியும் தொலைக்காட்சியும் அதே பெட்டியிலிருந்து வரும் வீட்டில் இரண்டாவதே இடர் குறைந்தது. எவ்வாறாயினும் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் அது மெஷ்ஷோடு போட்டியிடும்.

இரண்டாம் படி, முதன்மைக் கருவியை மட்டும் எழுப்பி, கம்பிவழி இணையத்தைச் சோதித்து, மென்பொருளைப் புதுப்பித்தல். மூன்றாம் படி, பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே இடுதல். இவை மாறாதிருந்தால், பாதுகாப்பு முறையும் ஒத்திருக்கும்வரை, வீட்டிலுள்ள தொலைக்காட்சி, கேமரா, செல்பேசி அனைத்தும் தாமே வந்து சேரும். அந்நியர் புகுந்த ஐயத்தால் அழித்த வலையில் மட்டும் இச்சலுகை பொருந்தாது. நான்காம் படி, துணைக் கருவிகளை ஒவ்வொன்றாக ரீசெட் செய்து, முதன்மைக் கருவிக்கு அருகே ஓரிரு மீட்டரில் வைத்துச் சேர்த்தல். சேர்ந்து புதுப்பித்த பின்னரே அவற்றை உரிய இடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். தொலைவில் வைத்தே சேர்க்க முயன்று தோற்றுக் கருவி பழுது என முடிவுகட்டுவது பரவலாக நிகழும் தவறு. கம்பி பேக்ஹால் உள்ள இடத்தில், அருகே வைத்துச் சேர்த்தபின் கம்பியை இணைக்க வேண்டும். ஒரே கருவிக்கு இரு கம்பிகள் சென்று வட்டம் உருவானால், அதைத் தடுக்கும் நெறிமுறை இல்லாத கருவிகளில் செய்தி முடிவின்றிச் சுழன்று வலை முழுவதும் முடங்கும்.

கருவிகளுக்கு இடம் காணுதல்

ரீசெட் செய்தும் தீராத குறைகளில் பல, இடத் தேர்வில் தீர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையினது அதில் பாதிக்கும் குறைவு. பின்னது மிகுந்த செய்தியைச் சுமக்கும். ஆனால் ஒரே பெருக்கத்திறன் (கெயின்) கொண்ட ஆன்டெனாக்களின் இடையே அது கூடுதலாக வலுவிழப்பதோடு, கல்லாலும் கான்கிரீட்டாலும் எளிதில் தடுக்கப்படும். இணையம் வராத அறைக்குள்ளேயே துணைக் கருவியை வைப்பது பயன்தராது. சமிக்ஞை இன்னும் நன்றாக இருக்கும் பாதிவழியில் வைத்தால்தான் அது நல்ல சமிக்ஞையைப் பெற்று அப்பால் அனுப்ப முடியும். ஒரே ரேடியோ பேக்ஹாலையும் வீட்டார் கருவிகளையும் சேர்த்துச் சுமக்கும்போது, ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். மூன்றாவது ரேடியோவை பேக்ஹாலுக்கென்றே ஒதுக்கும் கருவிகள் விலை மிகுந்தவை. பழைய வெட்டுக்கல் வீட்டுக்கும் புதிய மாடிக்கும் இடையே ஒரு கேட்-6 கம்பி இழுத்துவிட்டால், விலை குறைந்த கருவியே விலை மிகுந்ததை வெல்லும்.

வீட்டிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைக்கோ புகைக்கூடத்துக்கோ வலையை நீட்டுவோர் இரண்டைக் கருத வேண்டும். ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்ந்து பின்னர் தளிர்ப்பது. நீர் செறிந்த இலைகள் அலையை உறிஞ்சும் இயல்பின. இலையற்ற மாதத்தில் சோதித்துத் தேர்ந்த இடம், தழைத்தபின் அதுவும் மழை நனைந்த இலைகளுக்கு ஊடே, போதாமற்போகலாம். அடுத்து, இரு கட்டடங்களுக்கு இடையே திறந்த வெளியில் செல்லும் செப்புக்கம்பி மின்னலின்போது அழுத்தத்தைத் தூண்டிக் கருவிகளை எரிக்கக் கூடும் என்பதால், அங்கே கண்ணாடி இழையோ கம்பியில்லா இணைப்போ ஏற்றது.

அலைவரிசையிலும் ஒரு தெரிவு உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியா 2018 அக்டோபரில் வழிசெய்தது. இப்பட்டையின் நடுப்பகுதியை ராடார்களும் பயன்படுத்துவதால், அதில் இயங்கும் கருவி முதலில் ஒரு நிமிடமேனும் செவிமடுத்து, ராடார் துடிப்பு கேட்டால் விலகிச் செல்லும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. விலகும்போது துணைக் கருவிகளின் இணைப்பும் அறுந்து சேரும். காரணமின்றி வலை அவ்வப்போது அறுவதாகத் தோன்றினால், அந்நடுப்பகுதிக்கு வெளியேயுள்ள, 36 முதல் 48 வரை எண்ணிட்ட சேனல்களுக்கு மாற்றிப் பார்ப்பது ரீசெட்டுக்கு முந்திய சோதனையாக அமையலாம். 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பகுதியைத் திறப்பதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம் வெளியாயின. ஆனால் அவ்வலை சுவரைக் கடப்பதில் இன்னும் மெலிந்தது என்பதால், தடித்த சுவருடைய வீட்டுக்கு அதனால் வரும் பயன் பெரும்பாலும் அதே அறைக்குள் அடங்கும்.

பாதுகாப்பு

ரீசெட் செய்த கருவியின் அமைப்புகள், ஆலையிலிருந்து வந்த முதல் நாளின் நிலைக்குத் திரும்புகின்றன. அதன் நிர்வாகக் கடவுச்சொல்லும் அப்படியே. 2016-இல் பரவிய ‘மிராய்’ என்னும் தீநிரல், ஆலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியே பெருந்தாக்குதல்களை நடத்தியது. ஆகவே புதிய நிர்வாகக் கடவுச்சொல் இடுவதும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் கட்டுதலின் கூறுகளே. 2011-இல் ஸ்டெஃபான் ஃபீபொக் வெளிப்படுத்திய குறையால், எட்டிலக்க எண்ணால் இணையும் டபிள்யூபிஎஸ் முறை நம்பத் தகாததாயிற்று. அதை அணைத்துவைப்பது நலம். வைஃபைக்குப் பாதுகாப்புத் தரும் டபிள்யூபிஏ2 முறையின் குறையை 2017-இல் மேத்தி வான்ஹூஃப் காட்டியதை அடுத்து, மறு ஆண்டில் டபிள்யூபிஏ3 அறிமுகமாயிற்று. பழைய தொலைக்காட்சியும் கேமராவும் புதிய முறையை அறியாதிருக்கும் வீட்டில் இரண்டும் கலந்த நிலையே நடைமுறைக்கு ஏற்றது. மீட்டமைத்தபின் ஒரு பழைய கருவி மட்டும் சேர மறுத்தால் முதலில் ஐயுற வேண்டியது இவ்வமைப்பையே.

முடிபு

மேற்கண்டவற்றால், ரீசெட் ஓர் இறுதிப் படி என்பதும், விளக்குகளைப் பார்த்தல், முறைப்படி அணைத்து எழுப்புதல், கம்பிவழிச் சோதனை, இடமாற்றம் ஆகியன அதற்கு முந்தியவை என்பதும் விளங்கும். அழித்தபின் எழும் வலை, இருந்ததை அப்படியே திருப்பி வைப்பதாயின் பழைய குறைகளும் திரும்பும்; தலைமைக் கருவி எது, கம்பி எங்கே, துணைக் கருவி எங்கே என்று மீண்டும் தீர்மானிக்கக் கிடைத்த வாய்ப்பாக அதைக் கொள்வதே தக்கது. பேச்சிப்பாறை போன்ற ஊர்களில் இப்பொறுப்பு வீட்டாரோடு முடிவதில்லை. இணைப்புத் தரும் கேபிள்காரரும் நிறுவனங்களும் பயனர்பெயர், வழி எண், பெட்டியின் நிலை ஆகியவற்றை இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்; கருவி விற்போர், சேவையகத்தின் துணையின்றி வீட்டுக்குள்ளேயே அமைக்கும் வழியைக் கருவியில் விட்டுவைக்க வேண்டும். இவ்விரண்டும் நடந்தால், மழைக்காலத்தில் இணையம் அறுந்த ஒரு வீடு ஆளை எதிர்பார்த்து நாட்கணக்கில் காத்திராமல், தன் வலையைத் தானே ஒரு மணி நேரத்துக்குள் மீட்டுக்கொள்ள இயலும்.